வேண்டாம் என்று கத்திய ஜெபம்

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் என் மனைவி ஸ்டெல்லா கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். மத்தியானம் அவள் இல்லை. வெந்நீர் வைக்கக்கூட அவளைக் கூப்பிட்டே பழகியவன் நான். மஞ்சக்குப்பம் வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆண்டவரோடு சண்டை போட்டேன். கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். சபைப் போதகரான ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபித்தபோது கண்ணை மூடாமல் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கோபம்!

ஒரே ஒரு ஜெபத்தை மட்டும் விடவில்லை. "என்னையும் எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே." எழுந்ததும் அதுதான். உப்புமா கருகும்போதும் அதுதான். அவர் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் காலை, தூறலில் செந்தில் வாசலில் வந்து நின்றான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நெற்றியில் விபூதி இல்லாமல் வண்டி எடுக்கமாட்டான். ஸ்டெல்லாவை அக்கா என்பான், அதனால் நான் மாமா. அவன் மனைவிக்கு இரண்டு தடவை கரு கலைந்திருந்தது. மூன்றாவது தங்க வேண்டுமென்று ஸ்டெல்லா தினமும் ஜெபித்தாள். பிரசவத்துக்குக் கூட வருவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"மாமா, சிதம்பரத்துல அவ அம்மா வூட்ல அவளுக்கு வலி எடுத்துடுச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. கெளம்புங்க!"

"நான் எதுக்குடா?"

"அக்கா வரேன்னாங்க. அக்கா இல்லன்னா நீங்கதான வரணும்? அவுங்க போனதுலேர்ந்து எங்களுக்கு ஜெபமே நின்னு போயிருக்கு மாமா!"

என்னமோ தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது போலப் புகார் சொன்னான். சட்டையை மாற்றிக்கொண்டு ஏறினேன். குடிகாடு தாண்டியதும் ஆரம்பித்துவிட்டான்.

"ஜெபம் பண்ணுங்க மாமா."

"எனக்கு வராதுடா."

"இத்தன வருஷம் அக்கா கூட இருந்தீங்க. கொஞ்சமாச்சும் ஒட்டியிருக்காதா?"

வேறு வழியில்லை. கண்ணைத் திறந்தபடியே, கடுப்போடு, "ஆண்டவரே, இந்தப் பெண்ணைப் பாரும்" என்று தொடங்கினேன். தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தால், செந்தில் பயபக்தியோடு கண்ணை இறுக மூடியிருக்கிறான்! ஆட்டோ ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரே மணல் லாரி.

"இயேசப்பா, வேண்டாம்! வேண்டாம்!" என்று அலறினேன்.

செந்தில் கண்ணைத் திறந்து ஹேண்டிலை ஒடித்தான். ஆட்டோ வயலில் இறங்கிச் சேற்றில் நின்றது. லாரிக்காரர் எங்கள் ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டுப் போனார்.

"ஜெபத்துல கண்ண மூடணும்னு அக்காதான் மாமா சொன்னாங்க."

"வண்டி நிக்கும்போதுடா, பாவி!"

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஆறு மாதமாக நான் கேட்டது லாரியில் வந்திருக்கிறது. நானே வேண்டாம் என்று கத்தியிருக்கிறேன். எனக்கு வாழ ஆசை இருக்கிறது! அதைவிட, நான் கூப்பிட்டது யாரை? பேசவேமாட்டேன் என்று இருந்தேனே, அவரைத்தான். சேற்றில் நின்று சிரித்தேன். சிரிப்பு அழுகையாகிவிட்டது. அடக்க ஆராதனையில்கூட நான் அப்படி அழவில்லை. ஏன் என்று தெரியாமலே செந்திலும் கூட அழுதான். அங்கேயே கண்ணை மூடி அந்தப் பெண்ணுக்காக ஒழுங்காக ஜெபித்தேன். ஸ்டெல்லா போன பிறகு நான் கண்ணை மூடிச் செய்த முதல் ஜெபம் அது.

நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஆட்டோவைத் தள்ளிவிட்டார்கள். முழங்கால் சேற்றோடு சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம். செந்திலின் மாமியார் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. மொதல்ல காலக் கழுவிட்டு வாங்க."

குழந்தையை என் கையில் கொடுத்ததும் அது என் சட்டையை நனைத்துவிட்டது. "ஸ்தோத்திரம்" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

ஸ்டெல்லா இல்லாத குறை தீரவில்லை. வெந்நீர் வைக்கும்போது இன்றைக்கும் அவளைக் கூப்பிட வாயெடுக்கிறேன். ஆனால் துக்கத்தைத் தாங்கும் தெம்பை ஆண்டவர் தந்திருக்கிறார். கோயிலுக்குப் போகிறேன். செந்தில் குடும்பத்துக்காக ஸ்டெல்லா செய்துவந்த ஜெபத்தை இப்போது நான் செய்கிறேன். ஒரு நாள் விட்டாலும் செந்தில் வந்து கேட்டுவிடுவான். ஆட்டோவில் நான் வாயைத் திறந்தாலே வண்டியை ஓரங்கட்டிவிடுகிறான்.

அன்பானவர்களே, நெஞ்சு உடைந்து கிடக்கிறீர்களா? கோபத்தோடாவது அவரிடம் பேசுங்கள். அவர் கேட்கிறார். எவ்வளவு நன்றாகக் கேட்கிறார் என்பதைச் சிதம்பரம் ரோட்டில் நான் பார்த்துவிட்டேன். அதனால், என்ன கேட்கிறோம் என்பதை மட்டும் கொஞ்சம் பார்த்துக் கேளுங்கள்.