வீரபாகு கையெழுத்துப் போடாத மனு

வேலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் புளியமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதுகிறவன் நான். பெயர் பக்தவச்சலம். லைசென்ஸ் தேதி முடிகிறது என்று தெரிந்தும் ஊர் சுற்றிவிட்டு, போலீஸ் மடக்கிய மறுநாள் ஓடி வருவார்கள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிற இந்த ஆட்கள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள். ஆனாலும் இரண்டு வார்த்தை திட்டாமல் எனக்கு எழுத வராது.

1983-இல் வீரபாகு வந்தபோதும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் உப்புத் தோல் கட்டுகளைச் சுமக்கிற ஆள். உப்பிலும் சுண்ணாம்பிலும் கை இரண்டும் வெடித்துப் புண்ணாகிக் கிடந்தன. மடித்த துண்டுக்குள்ளிருந்து லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"இன்னாய்யா இது? ஆறு வருசமா தூங்கிட்டு இருந்தியா?"

"இனிமே ஸ்டேரிங் தொட்றதில்லன்னு இருந்தேன் ரைட்டரே. அதான் உட்டுட்டேன். இப்போ கை மூட்டை தூக்க ஒத்துக்கல. ஓட்டினாத்தான் சோறு."

புத்தகத்தைப் புரட்டினேன். உள்பக்கத்தில் கோர்ட்டு சிவப்பு மையில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. கவனக்குறைவாக ஓட்டி ஒரு உயிர் போகக் காரணமானவர் என்று தண்டனை விவரம். நானும் எத்தனையோ புத்தகம் பார்த்தவன்தான். ஆனால் இதைப் படித்ததும் திட்டுவதை விட்டு, என்ன நடந்தது என்று கேட்டேன்.

முன்பு அவர் தோல் லாரி டிரைவர். பச்சைத் தோலில் உப்புப் போட்டு அடுக்கிக் கொண்டுவரும்போது உப்புத் தண்ணீர் ஒழுகிக்கொண்டே வரும். அது வண்டியின் அடிப்பக்கத்தைத் தின்றுவிடும், பிரேக் குழாயையும் சேர்த்து. அதனால் ஒவ்வொரு லோடு இறக்கியதும் பாலாற்று ஊற்றில் நிறுத்தி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் அடுத்த லோடுக்குப் போவார்கள். 1975 கோடையில் ஊற்று வற்றிக் கிடந்தது. வெயிலில் தோல் அழுகிவிடும் என்று முதலாளியும் அவசரப்படுத்தினார். வீரபாகு கழுவாமலே இரண்டு மூன்று லோடு அடித்தார். மாதனூர் தாண்டி, சைக்கிளில் போன மாதனூர்க்காரர் ஆரோக்கியசாமியின் பின்னால் வந்தபோது பிரேக் பிடிக்கவில்லை.

செத்தவன் குடித்திருந்தான், தானாக வந்து விழுந்தான் என்று சொல்லும்படி முதலாளி வைத்த வக்கீல் பாடம் எடுத்திருந்தார். கூண்டில் ஏறியதும் வீரபாகு அதை மறந்துவிட்டார். "அந்த ஆளு குடிக்கல சாமி. ஓரமாத்தான் போனாரு. நான்தான் வண்டியக் கழுவாம வந்தேன்" என்று சொன்னார். சில மாதம் ஜெயில், லைசென்ஸில் அந்தச் சிவப்பு எழுத்து, வேலையும் போயிற்று. இத்தனை நடந்தும் மாதனூரில் 'குடிச்சிட்டு விழுந்தான்' என்ற பேச்சு மட்டும் சாகவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

இப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, மாதனூர்ப் பக்கத்துப் பெண்களை வேலைக்கு ஏற்றிவர பஸ் விடப்போகிறது. மேனேஜர் ரஷீத் அஹமது இவரைத் தெரிந்தவர். வேலை தரத் தயார், ஆனால் பொம்பளைங்க வருகிற வண்டி, லைசென்ஸ் சுத்தமாக இருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்.

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மூன்று வருடம் வேறு குற்றம் ஏறாமல் இருந்தால், பழைய புத்தகத்தை ஒப்படைத்துவிட்டு எழுத்து இல்லாத புதுப் புத்தகம் கேட்கலாம். உட்கார்ந்து இரண்டு மனு எழுதினேன். ஒன்று புதுப்பிக்க, இன்னொன்று சிவப்பு எழுத்தை நீக்க. முதலாவதில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவதை என் பக்கமே தள்ளினார்.

"யோவ், வேலை வேணுமா வேணாமா?"

"வேணும் ரைட்டரே. ஆனா இது வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாயே என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

ஆரோக்கியசாமியின் மனைவி மரியம்மாள் அதே கம்பெனியில் தையல் மிஷினில் வேலை செய்கிறாள். அவளும் இந்த பஸ்ஸில்தான் வரவேண்டும். அவளைக் கேட்காமல் ஸ்டேரிங்கைத் தொடக்கூடாது என்று மாதனூருக்குப் போய், புத்தகத்தைக் காட்டி மேனேஜர் கேட்டதையும் சொல்லி வாசலில் நின்றிருக்கிறார். அவள் உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே வைத்துச் சொல்லியிருக்கிறாள்.

"ஓட்டறதும் ஓட்டாததும் உன் பாடு. அந்தச் செவப்பு எழுத்த மட்டும் அழிச்சிடாத. எம்புள்ளய குடிகாரன் மவன்னு கூப்பிடறானுங்க. இங்கிலீஷு படிக்கிற வயசு வந்ததும் அவன் கண்ணாலயே அதப் படிக்கணும்."

தீர்ப்புக் காகிதம் கோர்ட்டுக் கட்டுகளுக்குள் எங்கோ போய்விட்டது. அவள் புருஷன் மேல் தப்பில்லை என்று சொல்ல அவளுக்குத் தெரிந்த ஒரே எழுத்து இந்த மனிதரின் துண்டுக்குள் இருந்தது. நான் இரண்டாவது மனுவைக் கிழித்துப் போட்டேன்.

காலாவதியாகி ரொம்ப நாளானதால் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஏறுவதற்கு முன் வீரபாகு மண்ணில் படுத்து பிரேக் குழாயைத் தடவிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. லைசென்ஸ் கிடைத்தது, சிவப்பு எழுத்தோடு. ரஷீத் அஹமது முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அந்தம்மா இந்த பஸ்ல ஏறினா எனக்கு ஒரு பேச்சும் இல்ல" என்றாராம். முதல் நாள் மாதனூர் நிறுத்தத்தில் மரியம்மாள்தான் முதலில் ஏறினாள். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறமும் வருடக்கணக்காகப் பேசவில்லை.

மூன்று வருடம் கழித்துப் புதுப்பிக்க வந்தபோது, "இப்பவாவது அழிச்சிடலாமா?" என்று கேட்டேன். தலையாட்டி மறுத்தார். எனக்கு அந்த அம்மாள் மேலும் கொஞ்சம் கோபம்தான். ஒரு மனிதனை எத்தனை காலம்தான் நிறுத்தி வைப்பது?

1989-இல் மறுபடி வந்தார். பின்னாலேயே வெள்ளைச் சேலையில் ஒரு பெண். சொல்லாமலே யாரென்று தெரிந்தது.

"ஐயா, அந்த ரெண்டாவது மனுவும் எழுதுங்க" என்றாள் மரியம்மாள். "எம்புள்ள படிச்சிட்டான். போன ஞாயித்துக்கெழம இவரே ஊட்டுக்கு வந்து புக்கக் குடுத்தாரு. அவன் ஒவ்வொரு வார்த்தையா எழுத்துக்கூட்டிப் படிச்சான். எங்கப்பா குடிக்கலன்னு சொல்லிட்டு அழுதான். போதும்யா."

எழுதினேன். வீரபாகு பேனாவை வாங்கி மனுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும்மா" என்றார். "எனக்கு அது பழகிப்போச்சு."

"எனக்காக வெச்சிருந்தீங்க. எனக்காகவே அழிங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் அப்படியே புளியமர வேரிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. நான் காகிதங்களை அடுக்குகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மரியம்மாள் கீழே விழுந்து கிடந்த அவர் துண்டை எடுத்து உதறி நீட்டினாள்.

"எந்திரிண்ணே. ஷிப்டு உட்றதுக்குள்ள ஆம்பூர் போவணும். பொண்ணுங்க உனக்காகக் காத்துனு இருப்பாங்க."