நாத்தனார் செய்த கிளவுஸ்

போன செவ்வாய்க்கிழமை, ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ ஃபேக்டரியில் கம்பு ஒன்று பறந்தது. ஆறடி உயர அமெரிக்கரின் கையிலிருந்து நழுவி, மேனேஜரின் காதை உரசிக்கொண்டு போய், தண்ணீர் கேனில் மோதி விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ஆனால் என் நாத்தனார் ஸ்டெல்லாவின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

அங்கே எனக்கு என்ன வேலை என்கிறீர்களா? டிரைவர் வேலை! ஸ்டெல்லா பாகாயத்தில் எங்களோடுதான் இருக்கிறாள். தினமும் கம்பெனி பஸ்ஸில் போகிறவள், அன்றைக்கு மட்டும் "அண்ணி, கூட வாங்களேன். நீங்க இருந்தா கொஞ்சம் தைரியமா இருக்கும்" என்றாள். ஒரு நாத்தனார் இப்படிச் சொன்னால் எந்த அண்ணி மறுப்பாள்? காரை எடுத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். ஸ்டெல்லா பதினாலு வருஷமாக ஷூவுக்குப் பேட்டர்ன், அதாவது தோலை வெட்டுவதற்கான அளவு வடிவம், போடுகிறவள். போன வருஷம் அந்த அமெரிக்கரின் கம்பெனி, லாக்ராஸ் விளையாட்டுக்குக் கிளவுஸ் செய்து தர முடியுமா என்று கேட்டது. அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே ஃபேக்டரியில் ஒருவருக்கும் தெரியாது. "நான் பண்றேன் சார்" என்று முந்திக்கொண்டவள் இவள்.

லாக்ராஸ் என்றால்? நீளமான கம்பு, அதன் முனையில் ஒரு வலைப்பை. பந்தை அதில் ஏந்திக்கொண்டு ஓடி, கோலுக்குள் வீச வேண்டும். பந்தைப் பறிக்க வருகிறவன் உங்கள் கம்பைத் தன் கம்பால் அடிக்கலாம் — கம்பைப் பிடித்திருக்கும் கையோடு சேர்த்து! அதனால்தான் தடிமனான கிளவுஸ்.

முதல் சாம்பிள் ஊத்திக்கொண்டது. விரித்தால் அழகு... மடக்கினால் மடங்கவில்லை. ஷூக்காரர்கள் எதையும் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பாத அச்சின் மேல் வைத்து அளப்பவர்கள். அச்சு அசையாது. அதே பழக்கத்தில் இவளும் விரித்து வைத்த கையை அளந்துவிட்டாள். விளையாடுகிறவன் கையை விரித்துக்கொண்டா ஓடுவான்?

இரண்டாவது சாம்பிளுக்கு எங்கள் வீட்டு ஒட்டடைக்கம்பு உதவிக்கு வந்தது. அதை இறுக்கிப் பிடித்த கையை அளந்தாள். விரல் முதுகில் வைக்கும் ஃபோமை, விரல் மடங்கும் இடங்களில் துண்டு துண்டாக வெட்டினாள். உள்ளங்கைக்கு மெல்லிய ஆட்டுத்தோல், மெருகு ஏற்றாமல், பிடிமானத்துக்காக. இப்படி ஒரு ஜோடியை முதலில் தைத்து, மூன்று வாரம் மாட்டிக்கொண்டு வீடு முழுக்க ஒட்டடை அடித்தாள். எங்கள் வீட்டுச் சிலந்திகள் எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டன.

பிறகு அதே அளவில் புதிதாக ஒரு ஜோடி. அதைப் பார்க்கத்தான் அந்த ஆறடி அமெரிக்கர், சரக்கு வாங்கும் பையர், நேரில் வந்திருந்தார். "இதுவும் சரியா வரலன்னா இந்த லைனே வேணாம்மா. நீ பழையபடி ஷூவுக்கே போய்டு" என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார். பையர் வருவதற்கு முந்தின இரவு ஸ்டெல்லா சாப்பிடவே இல்லை.

பறந்து விழுந்த கம்பை எடுத்து வந்து, புது கிளவுஸ் மாட்டியிருந்த அவரிடமே கொடுத்தார்கள். பையர் மறுபடியும் சுழற்றினார். மறுபடியும் நழுவியது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

ஸ்டெல்லா கிளவுஸை வாங்கி, உள்ளங்கைப் பக்கம் திருப்பி மோந்து பார்த்தாள். "இன்னாது இது... க்ரீம் வாசன வருது?"

எல்லோரும் ஃபினிஷிங் செக்‌ஷன் சரோஜாக்காவைப் பார்த்தார்கள்.

"நான்தான் காலைல லைட்டா க்ரீம் தடவி மெருகு ஏத்துனேன்" என்றார் அக்கா. "டல்லா கெடந்துச்சு ஸ்டெல்லா. அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றாரு... மொகம் கழுவாத புள்ளையாட்டம் அத எப்டி அவருகிட்ட குடுக்கறது?"

இதற்கு என்ன சொல்வீர்கள்? இருபத்தைந்து வருஷமாக, பளபளக்காத எதையும் பெட்டிக்குள் வைத்தறியாத கை அது. ஸ்டெல்லா நன்றாக இருக்க வேண்டும் என்று தேய்த்த கை. ஒரேயடியாக வழுக்கிவிட்டது.

ஸ்டெல்லா திட்டவில்லை. "அண்ணி, கார்ல என் பை இருக்கு!" என்றாள். ஓடினேன். பைக்குள் அந்த ஒட்டடை ஜோடி — அழுக்கேறி, ஒரு விரலில் சிலந்தி வலையோடு.

"இதையா குடுக்கப்போற? பேஜாரா போய்டும்மா" என்று மேனேஜர் பதறினார். அவள் கொடுத்தே விட்டாள். பையர் மாட்டினார், சுழற்றினார், வீசினார். கம்பு கையிலிருந்து இம்மியும் நகரவில்லை. முகத்தில் முதல் சிரிப்பு.

ஆனால் பரீட்சை முடியவில்லை. கையை நீட்டி, "இப்போது என்னை அடியுங்கள்" என்றார். மேனேஜர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். வந்த விருந்தாளியைக் கம்பால் அடிப்பதாவது! ஸ்டெல்லாதான் கிளவுஸைக் கழற்றி வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். கொஞ்சம் பெரிசுதான். "நான் பண்ணது. என் கையிலயே அடிங்க. அண்ணி, நீங்க வாங்க!"

ஃபேக்டரியே சிரித்தது. நாத்தனாரைக் கம்பால் அடிக்க, முப்பது பேர் முன்னிலையில் அனுமதி... எந்த அண்ணிக்குக் கிடைக்கும்? கம்பை வாங்கிக்கொண்டேன், ஓங்கத்தான் மனம் வரவில்லை. பேட்டர்ன் போடும் கை அது. ஒரு விரல் நசுங்கினாலும் அவள் பிழைப்பே போச்சு. மெதுவாகத் தட்டினேன்.

"ஹார்டர்!" என்றார் பையர்.

"அண்ணி, நான் ஏசிய பதினாறுல வச்சத நெனச்சுக்கங்க!"

ஓங்கிப் போட்டேன் ஒன்று.

"உங்க புதுப் பொடவைய கேக்காம கட்டிட்டுப் போனேனே!"

அதற்கு இரண்டு. பழைய கணக்கெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. நிறுத்தச் சொல்லி மேனேஜர்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

ஸ்டெல்லா கழற்றினாள். பத்து விரலையும் மடக்கி, நீட்டிக் காட்டினாள். ஒரு சிவப்புக்கூட இல்லை. பையர் அந்த அழுக்குக் கிளவுஸிலேயே டேக் கட்டிக் கையெழுத்துப் போட்டார். இனி வரும் எல்லா ஜோடியும் அச்சு அசல் இதைப் போலவே இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

சரோஜாக்கா டேகையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, அப்போ அந்த அழுக்கும் இதே மாதிரி வேணுமாமா?"

ஸ்டெல்லா அக்காவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அப்படியே அழுதாள். நானும்தான். இவ்வளவு சந்தோஷமான அழுகையை எங்கள் வீட்டுக் கல்யாணங்களில்கூடப் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் என்னால் ஸ்டீயரிங்கைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. என் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். ஸ்டெல்லா பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அடி வாங்குறவங்கள விட அடிக்கிறவங்களுக்குத்தான் மொதல்ல கிளவுஸ் வேணும் போலக்கீது. உங்களுக்கும் ஒரு ஜோடி தைக்கட்டுமா அண்ணி?"

சைஸ் மீடியம் என்றேன்!