டொறீன் சத்தம்போட்டு வாசித்த நாவல்கள்

கல்யாணமாகி மாத்தளைக்கு வந்த புதிதில் டொறீனுக்கு நாவல்தான் துணை. கணவன் நோபர்ட்டுக்கு வில்கமுவையில் ட்ராக்டர் மெக்கானிக் வேலை. பஸ் கிடைத்தால் மாதத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருவான். டொறீன் பகலில் ஒரு வாசனைத் திரவியக் கிடங்கில் கிராம்பு தெரிந்தெடுப்பாள். வேலை விட்டதும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இராயப்பன் நடத்திய வாடகை நூல் நிலையத்துக்குள் நுழைவாள். அவள் திருப்பிக் கொடுக்கும் புத்தகங்களை இராயப்பன் மூக்கருகே பிடித்து, "கிராம்பு வாசம் அடிக்குது. முழுசா வாசிச்சிட்டீங்கன்னு அர்த்தம்" என்பார்.

பக்கத்து வீட்டு மஸூதா அவளைவிடப் பத்து வயது மூத்தவள்; அக்கா முறையில் டொறீன் அவளை ராத்தா என்பாள். பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். "எழுத்துக் கூட்டி வாசிக்கிறதுக்குள்ள கதை ஆறிப்போவுது புள்ள. நீ சத்தமா வாசி" என்று ஒருநாள் கேட்டாள். அன்றிலிருந்து சாயங்காலங்களில் மஸூதாவின் குசினியில் டொறீன் வாசிக்க, மஸூதா தேங்காய் திருவிக்கொண்டே கேட்டாள்.

துப்பறியும் கதை என்றால் டொறீன் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாள். அதைக் கண்டுபிடித்த அன்று மஸூதாவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"நோம்பு துறக்க முந்தியே கஞ்சி குடிக்கிற மாதிரி இருக்கு நீ செய்றது!"

பேய்க் கதையை டொறீன் வீறாப்பாக வாசிப்பாள். அப்புறம் கொல்லைப்பக்கம் போக மஸூதாவைத் துணைக்குக் கூப்பிடுவாள். மஸூதாவோ, "பேய்க்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்று சிரிப்பாள். குடும்பக் கதையில் மருமகள் வாய்திறக்காமல் கொடுமையைத் தாங்கும்போது டொறீன் மூக்கைச் சிந்துவாள். "ஒரு வார்த்த திருப்பிச் சொல்லியிருந்தா கத அங்கயே முடிஞ்சிருக்கும்" என்பாள் மஸூதா. காதல் கதைகளில் சில இடங்களை டொறீன் மெல்லத் தாண்டிவிடுவாள். மஸூதாவின் காதுக்கு அது தப்பாது.

"இடையில என்னத்தயோ முழுங்கிட்ட."

"ஒண்ணுமில்ல ராத்தா. மழை பெஞ்சதா எழுதியிருக்கு."

"மழைக்கா உன் மொகம் இப்பிடிச் செவக்குது?"

டொறீன் உயிரை விட்டது ராஜா கதைகளுக்குத்தான். ஒரு நாவலில் இளவரசன் பகைவனின் தலைநகரைக் கொளுத்தி வஞ்சம் தீர்ப்பான். அந்த அத்தியாயத்தை அவள் குரலை உயர்த்தி, கையைத் தூக்கி வாசித்தாள். "இவன் ஆம்பள!" என்றாள் மஸூதா. இரண்டு பேருக்கும் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. மஸூதாவின் அரிசிப் பெட்டிமேல் அது நாள்கணக்கில் கிடந்தது.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் தமிழர்களின் கடைவீதி எரிந்தது. புகை தெருவுக்குள் வந்தபோது டொறீன் தனியாக இருந்தாள். பின்கதவால் ஓடிவந்த மஸூதா அவளை இழுத்துக்கொண்டு போய், முந்தானையால் நெற்றிப் பொட்டைத் துடைத்தாள். சிலுவைச் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளினாள்.

"முக்காடு போடு. நீ என்ட தங்கச்சி. வாயத் தொறக்காத."

பொல்லுத் தடிகளோடு வந்தவர்கள் வாசலில் நின்று, உள்ளே இருப்பது யார் என்று கேட்டார்கள். மஸூதா உரல்மாதிரி வாசலை அடைத்து நின்று, "மகே நங்கி" என்றாள். என் தங்கச்சி என்று. சிங்களத்தில் அவள் குரல் கொஞ்சமும் ஆடவில்லை. அவர்கள் போய்விட்டார்கள். போகிற போக்கில் டொறீன் வீட்டுக் கதவை உடைத்து, தையல் மெஷினையும் துணிமணிகளையும் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள்.

நோபர்ட்டை வில்கமுவையில் கூட வேலைசெய்த சிங்களவர்கள் மறைத்து வைத்திருந்தார்கள். ஊரடங்கு நீங்கித் தெருக்கள் திறந்ததும் அவர்களே ட்ராக்டரில் கொண்டுவந்து விட்டார்கள். இராயப்பனின் நூல் நிலையம் சாம்பலாகிவிட்டது. வாசகர்கள் வீடுகளுக்குக் கொண்டுபோயிருந்த புத்தகங்கள்தான் மிச்சம். சில மாதம் கழித்து அவர் பை ஒன்றோடு வீடு வீடாக வந்து அவற்றைக் கேட்டார்.

"இதுகள வச்சுத்தான் திரும்பத் தொடங்கணும்" என்றார்.

மஸூதா அரிசிப் பெட்டிமேலிருந்த ராஜா கதையை எடுத்தாள். "நாளைக்கி வந்து எடுங்க. இவ இன்னொருக்கா வாசிக்கட்டும்."

அன்று டொறீன் வாசித்தாள். தலைநகரம் எரியும் இடம் வந்தபோது அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினாள். முன்பு வாசிக்கையில் அவள் இளவரசனோடு குதிரைமேல் இருந்தாள். இப்போது தெருவுக்குள் இருந்தாள்.

"எரியிற இந்த ஊடுகளுக்குள்ளயும் பொம்பளைங்க இருந்திருப்பாங்கதானே ராத்தா? அத ஏன் எழுதல்ல?"

மஸூதா திருவலையிலிருந்து கையை எடுத்தாள். "அந்த எடத்த விட்டுட்டு வாசி புள்ள."

டொறீன் விடவில்லை. கையைத் தூக்காமல், தாழ்ந்த குரலில், ஒரு சொல் குறையாமல் வாசித்து முடித்தாள். அதன் பிறகு ராஜா கதைகளை அவள் வெறுக்கவில்லை. ஆனால் யார் வென்றாலும், தோற்ற ஊரில் யார் யார் இருந்திருப்பார்கள் என்று இருவரும் பேசிக்கொள்ளும் வழக்கம் வந்தது. மீன் விற்பவனுக்கும் வண்ணாத்திக்கும் மஸூதா தானாகவே பெயர் வைப்பாள்.

இராயப்பன் மறுபடி கடை திறந்தார், முன்னதில் பாதி அளவுக்கு. மஸூதா பிற்காலத்தில் அக்குறணைக்கு, மகள் வீட்டோடு போனாள். ஞாயிறு பூசை முடிந்ததும் டொறீன் புத்தகத்தோடு அங்கே போக பஸ் ஏறுவாள். சுனாமி வந்த வருஷம் மஸூதா மௌத்தானாள். அந்தச் சாவுக்குப் பிறகு வெகுகாலம் டொறீன் நாவலைத் தொடவில்லை.

இப்போது மறுபடி வாசிக்கிறாள், மனதுக்குள்ளேயே. வேலையை விட்டு வீட்டோடிருக்கும் நோபர்ட், "முந்தி மாதிரி சத்தமா வாசியேன், நானும் கேக்கிறேன்" என்கிறான். இரண்டு பக்கத்துக்குள் அவனுக்குக் குறட்டை வந்துவிடுகிறது. குறுக்கே பேச ஆளில்லாததால் கதைகள் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன. டொறீனுக்கு அதுதான் பிடிக்கவில்லை.