மாத்திரையும் இஞ்சிச் சாறும்

இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தில் மரத்தில் பால் வெட்டும் எனக்குச் சில வருடங்களாகப் பிரஷர். இஞ்சி பிரஷரை இறக்கும் என்று போனில் வந்த வீடியோவைப் பார்த்து, எனக்கு நானே டொக்டர் ஆனேன். காலையில் வெறும் வயிற்றில் பெரிய கோப்பை நிறைய இஞ்சிச் சாறு, அதோடு ஆஸ்பத்திரி மாத்திரை.

ஒரு நாள் மழைக்கு முன் வேலையை முடிக்க மேட்டில் வேகமாக ஏறினேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, கண் இருட்டியது. பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த மனைவி செல்வியைக் கூப்பிட்டேன்.

“செல்வி, நெஞ்சு என்னமோ செய்யுது.”

“நேத்து இடுப்பு, இன்னைக்கு நெஞ்சா? மழை வருதுங்க, நடிக்காம வெட்டுங்க.”

அவளைக் குறை சொல்ல முடியாது. வேலைக்கு டிமிக்கி கொடுக்க நான் போடாத நாடகமில்லை. நான் பால் வாளியோடு சரிந்தேன். கொட்டிய பாலைப் பார்த்ததும்தான் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். எந்த நடிப்புக்காகவும் பாலைக் கொட்டமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். “பிரஷர் ரொம்ப இறங்கிப்போச்சு. மாத்திரையோட இவ்வளவு இஞ்சி குடிக்கலாமான்னு எங்ககிட்ட கேட்டிருக்கலாமே” என்றார் டொக்டர்.

இப்போது மாத்திரைக்குத் தண்ணீர் மட்டும்தான். இஞ்சி கறியோடு சரி. புதிதாக எதைக் குடிப்பதென்றாலும் கிளினிக்கில் கேட்கிறேன். “நெஞ்சு என்னமோ செய்யுது” என்று விளையாட்டுக்குச் சொல்வதை மட்டும் விட முடியவில்லை. ஆனால் செல்வி சிரிப்பதில்லை. கிட்ட வந்து என் நாடியைப் பிடித்துப் பார்க்கிறாள். அது சீராக அடிப்பது தெரிந்த பிறகுதான் தன் வாளியை எடுக்கிறாள்.