டர்போ வைத்த காரின் முதல் ஓட்டம்

எங்கள் பழைய சின்னக் காருக்கு டர்போ வைக்க எட்டு மாதம் ஆனது. காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிற, நத்தை மாதிரி சுருண்ட சாமான் அது. எடை குறைந்தால் வண்டி இன்னும் பறக்கும் என்று பின்சீட்டு, ஸ்டெப்னி, ஏசி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். "எலும்புக்கூட்டுக்கு எதுக்குங்க இம்புட்டு மூச்சு?" என்று கேட்ட மனைவியிடம் இரண்டு நாள் பேசவில்லை.

ஒரு காலையில் திருச்சுழி ரோட்டில் விட்டேன். மூன்றாவது கியரில் மிதித்ததும் டர்போ விசிலடித்தது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த வளைவு தாண்டினால் ரோடு முழுக்க உளுந்தஞ்செடி. போகிற வண்டி ஏறிக் காய்ந்த நெத்து உடைந்து உளுந்து உதிரட்டும் என்று எங்கள் பக்கத்தில் இப்படித்தான் பரப்பிப் போடுவார்கள். பிரேக்கை மிதித்து, வயிற்றெரிச்சலோடு அதன் மேல் ஊர்ந்தேன்.

வேப்பமர நிழலிலிருந்து உளுந்துக்காரம்மா எழுந்து வந்து கையைக் காட்டி நிறுத்தினார். விசில் சத்தம் கேட்டிருக்கும், வண்டி என்ன வேகம் போகும் என்று விசாரிப்பார் என நினைத்துக் கண்ணாடியை இறக்கினேன். அவர் குனிந்து டயருக்கடியில் பார்த்தார்.

"ஒரு நெத்துகூட உடையலையே. வண்டியில வெயிட்டே இல்லையா?"

பதிலுக்குக் காத்திராமல் நிழலில் இருந்த இரண்டு பெண்களைக் கூப்பிட்டார். பின்சீட்டு இருந்த இடத்தில் மூவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

"இப்பப் போங்க. மெதுவா."

பதினோரு தடவை போய் வந்தேன். டர்போ வாயே திறக்கவில்லை. உளுந்து நன்றாக உதிர்ந்தது.