திருப்பி வைத்த கார்பன்

தட்டச்சுக் கடைக்காரன் தட்டியதை மறந்துவிடுவான், தவறாகத் தட்டியதை மறக்கமாட்டான். விரல் தேய்ந்த தொழில் தோழர்களுக்கு இது தெரியும். பெனடிக்ட் சார் எனக்குச் சொன்ன ஒரு விஷயத்தை நான் பல வருடங்களாகச் சந்தேகித்து வருகிறேன். அவரைப் பொய்யர் என்று நினைத்ததில்லை. எனக்காகவே பொய் சொன்னாரோ என்பதுதான் சந்தேகம்.

அர்த்தம் எதற்கு

கண்டியில் அக்குறணை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் கடை. கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்து மகாலிங்கத்தார் வருவார். பலகையில் எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் கட்டும் விளையாட்டில் அவருக்குப் பைத்தியம். அகராதியைப் புரட்டி, ஒரே எழுத்துகளில் முடியும் சின்னச் சொற்களைச் சேர்த்துத் தட்டச்சுக்குக் கொண்டுவருவார். ஏ, எக்ஸ் என்று முடிபவை ஒரு தாள்: டாக்ஸ், வாக்ஸ், லாக்ஸ், ஸாக்ஸ். கேள்விப்படாத சொல் ஒன்றுக்கு நான் அர்த்தம் கேட்டேன்.

"அர்த்தம் ஆருக்குத் தேவை தம்பி? பலகையிலை வைக்க இடமிருந்தால் காணும்" என்றார்.

இரண்டு கவர்

அவரோடு விளையாடுபவர் புசல்லாவையில் வாத்தியாராக இருந்த பெனடிக்ட் சார். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுவார். சொற்களைத் தேடுவது ஒரு மாதம் அவர், ஒரு மாதம் இவர். ஆனால் தட்டச்சான தாளை மற்றவருக்கு முந்தி ஒருவர் படிக்கக் கூடாது. கார்பன் வைத்து இரண்டு பிரதி எடுத்து, தனித்தனிக் கவரில் ஒட்டித் தரவேண்டும். பலகைக்கு முன் உட்கார்ந்த பிறகே இருவரும் பிரிப்பார்கள். தேடியவருக்கு ஏற்கெனவே தெரியுமே என்று நான் சொன்னதை இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பிரவுன் கவர்ல போடுங்க தம்பி, வெள்ளைக் கவர்னா இந்தாளு வெயில்ல தூக்கிப் பாப்பாரு" என்றார் பெனடிக்ட் சார், மகாலிங்கத்தார் பக்கத்தில் நிற்கும்போதே.

வெறும் தாள்

எண்பத்துமூன்று ஜூலையில் ஒரு சனிக்கிழமை. மகாலிங்கத்தார் கொண்டுவந்தது ஈ, டபிள்யூ என்று முடியும் சொற்கள். அவசரத்தில் கார்பனைத் திருப்பி வைத்துவிட்டேன். இரண்டாவது தாள் வெறுமையாக இருந்தது. எழுத்தெல்லாம் முதல் தாளின் முதுகில் இடவலம் மாறி விழுந்திருந்தது. உடனே இன்னொன்று தட்டியிருக்கலாம், பத்து நிமிட வேலை. எனக்குப் பசி. செவ்வாய்க்கிழமை வாங்க என்றேன். இந்த ஒன்றையாவது கொண்டுபோங்கள் என்று நீட்டியபோது அவர் கை நீட்டவில்லை.

"பெனடிக்ட்டுக்கு இல்லாதது எனக்கு எதுக்குத் தம்பி? செவ்வாய்க்கிழமை வாறன்."

செவ்வாய்க்கிழமை

கொழும்பில் தொடங்கிய கலவரம் செவ்வாயன்று கண்டிக்கு வந்தது. தமிழ்க் கடைகள் எரிந்தன. நான் கடை திறக்கவில்லை; கலகெதரவில் ஒரு சிங்கள நண்பர் வீட்டில் ஒளிந்திருந்தேன். மகாலிங்கத்தாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், உண்மையாகவே தோன்றவில்லை.

மாதங்கள் கழித்துப் பெனடிக்ட் சாரைப் பார்த்தேன். மகாலிங்கத்தார் திங்கட்கிழமையே ரயில் ஏறிவிட்டார், இப்போது லண்டனில் தம்பியோடு இருக்கிறார் என்றார். நிம்மதியாக இருந்தது. பிறகு விலாசம் கேட்டேன், தேடித் தருவதாகச் சொன்னார். அடுத்த வருடமும் கேட்டேன். சார் அதற்குப் பிறகு பலகையைத் தொட்டதாகத் தெரியவில்லை.

"ஏன் தம்பி அதையே கேக்குறீங்க? நல்லா இருக்காரு, விடுங்க" என்றார்.

புசல்லாவையில்

போன மாதம் சாரின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, எனக்கு ஐம்பத்தாறு. பிளேன்டீ கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினோம், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். எழுந்து கதவு வரை போய்விட்டேன். பத்து நிமிட வேலையைத் தள்ளிப்போட்டவன் ஒரு கேள்வியை இருபத்தெட்டு வருடம் தள்ளிப்போட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. திரும்பி வந்து அவர் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டேன்:

"சார், அந்தச் செவ்வாய்க்கிழமை அவரு என் கடைக்கு வந்தாரா?"