பன்னீர் சோடாவும் இலவச ஃபிரிட்ஜும்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் இன்று ஒரு பெரிய கம்பெனியின் பன்னீர் சோடாவைத் திறந்தேன். அந்த ரோஜா வாசனையில், கேஸ் சீறும் சத்தமும் கோலி கிணுகிணுக்கும் காலைகளும் ஈரச்சாக்கு போர்த்திய பெட்டிகளுமாக, எப்போதோ இடித்துவிட்ட அம்மாவின் பன்னீர் சோடா ஃபாக்டரி எழுந்து வந்தது.

இதே கம்பெனிதான் அன்று கடைகளுக்கெல்லாம் இலவசமாக ஃபிரிட்ஜ் கொடுத்து, வேறு யார் பாட்டிலும் உள்ளே இருக்கக் கூடாது என்றது.

“இன்னா பண்றது அக்கா, உன் சோடாவ உள்ள வச்சா ஃபிரிட்ஜத் தூக்கினு பூடுவான்” என்றார் கடைக்காரர்.

“அப்ப என்னுது மட்டும் வெயில்ல வேகணுமா?” என்று கத்தினாள் அம்மா.

வெந்தது. சூடாக இருக்கிறதென்று எல்லோரும் திருப்பிக் கொடுத்தார்கள். சுவையில் தோற்றிருந்தால் மறந்திருப்பேன். எங்களை வெளியே நிறுத்திவிட்டு, எங்கள் வாசனையை மட்டும் அந்த ஃபிரிட்ஜுக்குள் வைத்து விற்கிறார்கள்.